வான்ஜி மூன்று முறை செத்த கதை

ஜெகாமின் அப்பா வான்ஜி இதுவரை மூன்று முறை செத்திருக்கிறார். மூன்றும் அரசாங்கச் செலவில். சொந்தச் செலவில் அவர் எங்கே செத்தார், எப்படிச் செத்தார் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

முதல் சாவின்போது ஜெகாம் பள்ளிக்கூடத்தில் இருந்தார். அந்தக் காலத்தில் காட்டுக்குப் போய்ச் சண்டை போட்டவர்களின் பெயரைத் தெருவில் சொன்னால் பொழுது சாய்வதற்குள் ஜீப் வந்துவிடும். நாவலில் மட்டும் சொல்லலாம், அதுவும் வைவதற்காக. அப்படி அரசாங்கம் அச்சடித்த முதல் நாவலில் வான்ஜி வரும்போதெல்லாம் கூடவே மூடுபனியும் வரும். கண் இரண்டும் கொள்ளிக்கட்டை. கைக்குழந்தையைக் கண்டால் பல்லை நறநறவென்று கடிப்பார். கடைசியில் சொந்த ஆட்களே தாங்க மாட்டாமல் அவரை அருவியில் தள்ளிவிடுகிறார்கள். வகுப்பில் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை உரக்கப் படிக்கும்படி வாத்தியார் சொன்னது ஜெகாமைத்தான். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

இரண்டாவது சாவு ஆட்சி மாறிய பிறகு நடந்தது. இப்போது காட்டுக்காரர்கள் அரக்கர்கள் இல்லை, வழிதவறிய வாலிபர்கள். வான்ஜியின் வயதில் பத்தைக் குறைத்து, மீசையை எடுத்துவிட்டு, ராணுவ அதிகாரியின் தங்கைமேல் காதல் வர வைத்திருந்தார்கள். மாதா கோயில் வாசலில் அவள் மடியில் தலை வைத்துக்கொண்டு, செய்ததெல்லாம் தப்பு என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசிவிட்டு உயிரை விடுகிறார். ஜெகாம் இதைத் தன் அம்மா மட்சிந்தாவுக்கு எங்கள் பாஷையில் படித்துச் சொன்னார். அவள் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“யாருடா அந்தப் பொம்பள?”

மூன்றாவது சாவு போன வருஷம். அந்த நாவலுக்கு விருதும் கிடைத்தது. வழிதவறிய வாலிபர் இப்போது தேசத்தின் தலைமகன் ஆகிவிட்டார். ஆற்றங்கரைப் பாறைமேல் குண்டடிபட்டுக் கிடக்கிறார். வலி தெரியாமல் சிரிக்கிறார். ஐம்பது வருஷம் கழித்து வரப்போகிற துறைமுகம், நெடுஞ்சாலை, இரண்டாம் கட்ட மின்திட்டம் எல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகின்றன. மின்திட்டத்தை வாழ்த்திவிட்டுக் கண்ணை மூடுகிறார்.

அவர் எதற்காகக் காட்டுக்குப் போனார் என்பது மட்டும் மூன்று நாவலிலும் இல்லை. மட்சிந்தாவைக் கேட்டால் சொல்லுவாள். வான்ஜி தச்சர். கொஞ்சம் காப்பிச் செடியும் வைத்திருந்தார். காப்பி வாங்குகிற கொட்டகையில் தராசின் முள் வாங்குகிறவன் பக்கம் பார்த்திருக்கும். மூட்டையைச் சுமந்து போனவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். முள்ளை இந்தப் பக்கமும் திருப்புங்கள் என்று வான்ஜி கேட்டார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒரு மாசம் உள்ளே வைத்தது. வெளியே வந்தபோது, தராசைப் போலவே நிலத்தையும் நாட்டையும் பற்றிக் கேட்கிறவர்கள் அவருக்குச் சிநேகிதர்கள் ஆகியிருந்தார்கள். கேட்டவர்களையெல்லாம் பிடிக்க ஆரம்பித்ததும் அவர்கள் காட்டுக்குப் போனார்கள். சுதந்திரம் வந்த வருஷத்து மழைக்காலத்தில் வான்ஜியைப் பிடித்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. ஜெகாம் அப்போது தவழ்கிற குழந்தை. அதற்குப் பிறகு தகவல் இல்லை, நாவல்கள்தான் வந்தன.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் புதைப்பதோடு காரியம் முடிவதில்லை. சில வருஷம் கழித்து மண்டையோட்டை எடுத்து வந்து வீட்டில் வைத்து, பாமாயிலும் உப்பும் கொடுத்து, நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டும். வாரிசு என்று ஒருவன் இருப்பதே அதற்குத்தான். உடம்பு கிடைக்காவிட்டால் செத்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து பானையில் வைக்கலாம். பெரியவர்கள் அந்த அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் செத்த இடத்து மண்ணாக இருக்க வேண்டும். மண் வராதவரை கருமாதி கிடையாது, பெண்டாட்டி தலைமுடி எடுக்க முடியாது, செத்தவர் வீட்டுக்குள் வர முடியாமல் வாசலில் மழையில் நின்றுகொண்டிருப்பார். வான்ஜி ஐம்பது வருஷமாக நின்றுகொண்டிருந்தார்.

இந்த வருஷக் கோடையில் மட்சிந்தாவுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டன. டாக்டர் ஜெகாமைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள் என்றார். மட்சிந்தாவுக்கு அது கேட்டுவிட்டது.

“போறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லடா” என்றாள். “அங்க போயி நான் யாருன்னு சொல்லுவேன்? பொண்டாட்டின்னு சொன்னா, எங்கடி உன் வீட்டுக்காரன்னு கேப்பாங்க. விதவைன்னு சொன்னா, தலையில முடி இருக்கே. ஒரு பிடி மண்ணு கொண்டாந்து குடுத்துட்டின்னா மொட்டையப் போட்டுக்கிட்டுப் போயிருவேன். அம்பது வருசமா இந்த முடியச் சொமக்கறேன்.”

“எங்கன்னு போயி எடுப்பேம்மா?”

“நீ படிச்சவன்தான? பொஸ்தகத்துல போட்டிருக்கான்னு சொன்னியே.”

போட்டிருந்தது உண்மைதான். ஜெகாம் பாஃபுசாம் மார்க்கெட்டுக்குப் பின்னால் பஞ்சர் கடை வைத்திருப்பவர். டியூப்பைத் தண்ணீரில் அமுக்கினால் குமிழி வருகிற இடத்தில்தான் ஓட்டை இருக்கும், அதில் பொய் கிடையாது. அப்படிப்பட்ட தொழிலில் இருந்தவருக்கு உலகத்தையும் நம்பித்தான் பழக்கம். மூன்றாவது நாவலின் முதல் பக்கத்தில் வட்டமாக ஒரு முத்திரை இருந்தது. ‘இந்நூலில் வரும் இடங்களும் சாவுகளும் தேசிய வரலாற்றுப் புனைகதை மன்றத்தால் சரிபார்க்கப்பட்டவை.’ அரசாங்கமே சரிபார்த்துவிட்டது, இனி நமக்கென்ன என்று ஜெகாம் ஒரு புதுப் பானையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த ஆற்றங்கரைக்கு பஸ் ஏறினார்.

ஆற்றங்கரையில் பாறை இருந்தது. பாறையைச் சுற்றி டைல்ஸ் ஒட்டியிருந்தது. ‘மாவீரர் வான்ஜி வீழ்ந்த இடம்’ என்று ஒரு பலகை. அதற்குக் கீழே குளிர்பானக் கடை. கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவரிடம் ஜெகாம், இங்கேதான் செத்தாரா என்று கேட்டார்.

“இங்கதான் அண்ணே. வேற எங்கயும் பஸ் திருப்ப எடம் இல்ல.”

“பஸ்ஸா?”

“மொதல்ல மேல அந்த வளைவுலதான் செத்தாரு. டூரிஸ்டு பஸ் ரெண்டு தரம் பள்ளத்துல எறங்கிருச்சு. அதான் போன சுதந்திர தினத்துக்கு முன்னாடி கீழ கொண்டாந்துட்டாங்க. பாருங்க, இப்ப எவ்வளவு வசதியா இருக்குன்னு.”

ஜெகாம் தான் யார் என்று சொன்னார். டிக்கெட்காரர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பாதி டிக்கெட்தான் வாங்கினார். ஆனால் மண் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. டைல்ஸுக்கு அடியில் இருப்பது மன்றத்துக்குச் சொந்தம். எடுக்க வேண்டுமென்றால் தலைநகர் யாவுண்டேயில் கேட்டு வர வேண்டும். மேலே இருந்த வளைவில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஜெகாம் கேட்டார்.

“தாராளமா எடுத்துக்குங்க அண்ணே. ஆனா அங்க இப்ப யாரும் சாகல.”

யாவுண்டேயில் மன்றத்தின் கட்டடம் மூன்று மாடி. முன்னால் பூச்செடிகளோடு ஒரு முற்றம், கொடிக்கம்பம், காவலாளி. கீழ்த்தளத்தில் ‘மனந்திருந்தல் பிரிவு’ என்று எழுதியிருந்த அறையில் மதாம் லிக்கெங் என்ற அதிகாரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் போலவே காட்டுக்கு ஆள் அனுப்பிய பாசா இனத்து அம்மாள், அறுபதை நெருங்கும் வயது.

“எந்த நாவல்?” என்றார்.

“நாவல் இல்லீங்க. எங்கப்பா.”

“அதாங்க. எந்த நாவல் அப்பா?”

ஜெகாம் மூன்றையும் சொன்னார். மதாம் லிக்கெங்குக்கு முகம் மலர்ந்தது.

“ரெண்டாவது என்னோடது. மாதா கோயில் வாசல்ல அந்த ஒரு பக்கம் பேசறாரே, அது மொதல்ல நாலே வரிதான் இருந்திச்சு. மனந்திருந்தறது போதலன்னு ஆறு தரம் திருப்பி அனுப்பிச்சேன். மூணாவது என் கையில இல்லீங்க, அது மகிமைப் பிரிவு, மாடியில. முன்னாடி அரக்கர் பிரிவுன்னு ஒண்ணு இருந்திச்சில்ல, அத மூடிட்டு அங்க இருந்தவங்களத்தான் மகிமைக்கு மாத்தியிருக்காங்க. எரியற கண்ணு, மூடுபனி எல்லாம் அவங்களுக்குப் பழக்கப்பட்ட வேலதான.”

“எடத்த யாருங்க சரிபாத்தது?”

“ஆறு இருக்கான்னு பாப்போம். இருக்கும். பாறை இருக்கான்னு பாப்போம். ஆளு செத்துட்டாரா? செத்துட்டாரு. சரிதான?”

“அங்கதான் செத்தாருன்னு…”

மதாம் லிக்கெங் உரிப்பதை நிறுத்தினார். பிறகு உரித்த கடலையில் ஒரு கை அள்ளி அவர் முன்னால் வைத்தார்.

“எங்கம்மாவோட தம்பியும் அப்படித்தான் போனாருங்க” என்றார் மெதுவாக. “எந்தப் பக்கம்னு தெரியாது. அவர எந்த நாவல்லயும் எடுக்கல. நானே ரெண்டு மூணு தரம் சொல்லிப் பாத்தேன். கதைக்குத் தோதான முகம் இல்லன்னுட்டாங்க. நீங்க குடுத்து வெச்சவரு.”

ஜெகாம் கடலையைத் தின்றார். அன்றைக்கு மத்தியானம் நான்காவது நாவலைப் பற்றி மன்றம் கூடுகிறது என்றும், முதன்மைச் செயலாளர் அபெசோலோ வருகிறார் என்றும், அவரிடமே கேட்டுவிடுவது நல்லது என்றும் அந்த அம்மாள் சொன்னார்.

கூட்டத்தில் ஜெகாமை மேடையில் உட்காரவைத்தார்கள். வாரிசு ஒருவர் நேரில் வருவது அதுதான் முதல் தடவையாம். மடியில் பானை இருந்ததால் அவரால் கைதட்ட முடியவில்லை. அது போட்டோவில் நன்றாக வராது என்று பானையை நாற்காலிக்கு அடியில் தள்ளி வைத்தார்கள். செயலாளர் அபெசோலோ மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“பெரியோர்களே. நாம எதையும் மறைக்கறோம்னு சில பேரு சொல்றாங்க. நான் கேக்கறேன், எத மறைச்சோம்? ஒரு காலத்துல வான்ஜின்னு பேரு சொன்னாலே ஆளக் கொண்டு போயிருவாங்க. யாரு கொண்டு போனது? அது வேற இலாகா. நம்ம இலாகா என்ன பண்ணிச்சு? பேரக் குடுத்துச்சு. கண்ணக் குடுத்துச்சு. காதலக் குடுத்துச்சு. மகிமையும் குடுத்துச்சு. ஒரு மனுஷனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?”

சபை கைதட்டியது.

“காரணத்தச் சொல்லலயேன்னு கேக்கறாங்க. எதுக்காகப் போராடினாங்கன்னு ஏன் எழுதலன்னு கேக்கறாங்க. அனுபவத்துல சொல்றேன். காரணத்த எழுதினா வாசகன் படிக்கறத நிறுத்திட்டு யோசிக்கறான். காப்பித் தராசுன்னு ஒரு எழுத்தாளர் எழுதிட்டாரு. நானே என் கையால கோடு போட்டு அடிச்சேன். ஏன்? அன்னிக்குத் தராசு முள்ளு எந்தப் பக்கம் பாத்துச்சுன்னு படிக்கறவன், இன்னிக்கு எந்தப் பக்கம் பாக்குதுன்னு போயி எட்டிப் பாப்பானா இல்லையா? கதையோட ஓட்டம் என்னாகறது?”

தராசு என்ற வார்த்தையைக் கேட்டதும் ஜெகாம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரோ கேட்டு எழுதியிருக்கிறார்கள். இடமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

“இப்ப நாலாவது நாவல்” என்றார் செயலாளர். “இது நல்லிணக்கத்தோட காலம். மேலிடத்துலேருந்து சொல்லிட்டாங்க, ரத்தம் போதும்னு. அதனால, வாரிசு அவர்களே, உங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. இந்த நாவல்ல உங்க அப்பா சாகவே மாட்டார்.”

சபை எழுந்து நின்று கைதட்டியது. ஜெகாமும் எழுந்தார், எல்லோரும் எழும்போது உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது.

“காட்டுலேருந்து வெளியில வராரு. ஆயுதத்தக் கீழ வெக்கறாரு. மன்னிப்பு கெடைக்குது. ஒரு கடை வெக்கறாரு. கடைசி அத்தியாயத்துல பேரப்பிள்ளைங்களோட உக்காந்து தொலைக்காட்சி பாக்கறாரு. என்ன சொல்றீங்க?”

மைக்கை ஜெகாமிடம் நீட்டினார்கள். அவர் அதற்கு முன்னால் மைக்கில் பேசியதில்லை.

“ரொம்ப நன்றிங்க” என்றார். “நான் மண்ணுக்காக வந்தேனுங்க. அவர் செத்த எடத்து மண்ணு. எங்கம்மா மொட்டை போட்டுக்கணும்.”

“சாகாதவருக்கு எதுக்குங்க மண்ணு?” என்றார் செயலாளர், குழந்தைக்குச் சொல்வதுபோல. “அம்மாகிட்டச் சொல்லுங்க, முடி இருக்கட்டும்னு. இனிமே அவங்க விதவை இல்ல. மன்றம் தீர்மானம் போட்டாச்சு.”

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி கேட்காத வரத்தைத் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் முடிந்து எல்லோரும் கோழியும் வாழைக்காய் வறுவலும் சாப்பிடப் போனார்கள். ஜெகாம் பானையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் பீர் பாட்டிலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். மேடையில் பார்த்த முகம். மூன்றாவது நாவலை எழுதி விருது வாங்கியவர், நான்காவதையும் எழுதப் போகிறவர். ஒந்துவா என்று பெயர். ஜெகாமைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்.

“நீங்கதான தராசு எழுதினது?” என்று ஜெகாம் கேட்டார்.

“எழுதினேன். இல்லாமப் போச்சு.”

“அப்ப உங்களுக்கு எடமும் தெரியும்.”

ஒந்துவா பாட்டிலைக் கீழே வைத்தார்.

“தெரியாது தம்பி. சத்தியமா தெரியாது. ரெண்டு வருஷம் உங்க பக்கமெல்லாம் அலைஞ்சேன். யாரும் வாயத் தெறக்கல. கடைசியில ஒரு கெழவன் கெடைச்சான், அந்தக் காலத்துல லாரி ஓட்டினவன். விடியறதுக்கு முன்னாடி ஏத்துவாங்களாம். ஒரு நாளு இந்தப் பக்கம், ஒரு நாளு அந்தப் பக்கம். முகத்த மூடியிருக்குமாம். யார எங்க எறக்கினேன்னு எனக்கே தெரியாதுன்னு அழுதான். நானும் ஊருக்கு வந்து அப்படியே எழுதினேன். ‘வான்ஜி எங்கே கொல்லப்பட்டார் என்பது தெரியவில்லை.’ அவ்வளவுதான் கடைசி அத்தியாயம். ஒரே வரி.”

“அப்புறம்?”

“திருப்பி அனுப்பிட்டாங்க. நாவல்ல எடம் தெரியாம இருக்கக் கூடாதாம். சுற்றுலாத் துறைகிட்ட ஆறு ஒண்ணு சும்மா கெடக்குது, அங்க கொண்டுபோன்னாங்க. கொண்டுபோனேன். எனக்கு ரெண்டு பொண்ணு தம்பி, ரெண்டும் காலேஜ் படிக்குது.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “நான் எழுதினதுலயே நெசமான வரி அது ஒண்ணுதான்.”

ஜெகாம் அவரைத் திட்ட நினைத்தார். அழுகிற ஆளை எங்கே பிடித்துத் திட்டுவது. அம்மாவின் கால் வீக்கம் நினைவுக்கு வந்தது. வெறும் பானையோடு எப்படி வீட்டுக்குள் நுழைவது. ஐம்பது வருஷமாக ஒரு பிடி மண். பணமா கேட்டாள், காசா கேட்டாள்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். மாடியைப் பார்த்தார். மகிமைப் பிரிவின் ஜன்னலில் யாரோ வெற்றிலைபோலக் கோலாக் கொட்டையைக் குதப்பித் துப்பினார்கள். அங்கேதான் அப்பாவை அருவியில் தள்ளினார்கள். கீழ்த்தளத்தில் மதாம் லிக்கெங்கின் மேஜைமேல் வைத்து ஆறு தடவை மனந்திருந்த வைத்தார்கள். பின்னர் மறுபடியும் மாடிக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். மற்ற இடங்களைப் பற்றி யாருக்கும் எதுவும் நிச்சயமாகத் தெரியாது. இந்த இடத்தில் அவர் செத்தார் என்பதற்கு முத்திரையே இருக்கிறது.

ஜெகாம் பெஞ்சிலிருந்து இறங்கி, பூச்செடிப் பாத்தியில் மண்டியிட்டு, கையால் தோண்ட ஆரம்பித்தார்.

காவலாளி ஓடி வந்தான். “அண்ணே, அண்ணே, என்ன பண்றீங்க? செடியத் தொடக்கூடாது.”

“எங்கப்பா இங்கதான் செத்தாரு” என்றார் ஜெகாம், நிமிராமல்.

காவலாளி ஒந்துவாவைப் பார்த்தான். ஒந்துவா தலையை ஆட்டினார். காவலாளியும் எங்கள் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. பானையைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டுத் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் குனிந்தான்.

“இங்க வேணாம் அண்ணே, இங்க முழுக்க உரம் கொட்டியிருக்கு. அந்தச் செவுத்தோரமாத் தோண்டுங்க. அங்க நல்ல மண்ணு.”

சுவரோரம் மண் இறுகியிருந்தது. ஒந்துவாவும் வந்து பீர் பாட்டில் ஓப்பனரால் கிளறிக் கொடுத்தார். மூன்று பேரும் குனிந்து தோண்டியதைப் பார்த்துச் சாப்பிட்டுத் திரும்பியவர்கள், செடி நடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். பானை பாதி நிறைந்ததும் ஜெகாம் துணியால் வாயைக் கட்டினார். அப்பாவிடம் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிக் கூப்பிட வேண்டும், அதுதான் வழக்கம். வாய் திறந்து கூப்பிட்டபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது. முகமே தெரியாத ஒரு மனிதரை அப்பா என்று ஒரு அரசாங்க அலுவலகச் சுவரைப் பார்த்துக் கூப்பிட வேண்டியிருந்தது.

பஸ்ஸில் பானையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். வழியில் எந்த ஆற்றைக் கடந்தாலும் அப்பாவுக்குச் சொன்னார், பயப்படாதீர்கள், இது நம் ஊர்ப் பக்கம்தான் என்று. பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

மட்சிந்தா முற்றத்தில் பாயில் சாய்ந்திருந்தாள். பானையைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டினாள். பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

“எங்கேருந்துடா?”

“யாவுண்டேலேருந்தும்மா.”

“அவ்வளவு தூரமா கொண்டு போனாங்க அவர?” என்றாள். “பஸ் ஏறினா அவருக்கு வாந்தி வருமேடா.”

அன்றைக்கே ஊரில் சொல்லி அனுப்பினார்கள். விதவைகள் நாலைந்து பேர் கத்தியோடும் தண்ணீரோடும் வந்தார்கள். மட்சிந்தாவின் வெள்ளை முடி பாயில் விழ விழ, ஐம்பது வருஷமாக அடக்கிவைத்திருந்த ஒப்பாரியை அவள் எடுத்தாள். குரல் அவ்வளவாக எழவில்லை. மற்றவர்கள் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். ஜெகாம் பானையை உள்ளே தாத்தாவின் மண்டையோட்டுக்குப் பக்கத்தில் வைத்து, உப்புப் போட்டு, எண்ணெய் ஊற்றி, வந்துவிட்டீர்கள், உட்காருங்கள் என்றார்.

எல்லோரும் போன பிறகு மட்சிந்தா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே அவரைக் கூப்பிட்டாள்.

“அங்க யாராச்சும் சொன்னாங்களாடா, கடைசியா என்ன சொன்னாருன்னு?”

அப்பாவின் கடைசி வார்த்தைகள் என்று அச்சடித்தவை ஜெகாமுக்கு மூன்று தெரியும். முதலாவதில் சாபம் விடுகிறார், இரண்டாவதில் மன்னிப்புக் கேட்கிறார், மூன்றாவதில் மின்திட்டத்தை வாழ்த்துகிறார். எதையும் அவளிடம் சொல்ல முடியாது. அவள் காத்திருந்தாள்.

“உன்னத்தாம்மா கேட்டாராம்” என்றார் ஜெகாம். “மழ வந்திருச்சே, கூர ஒழுகுதோ என்னமோ, அவ ஒண்டியா என்ன பண்றாளோன்னு சொன்னாராம்.”

மட்சிந்தாவின் கை மொட்டைத் தலைமேலேயே நின்றது. பிறகு லேசாகச் சிரித்தாள்.

“அந்த ஆளு அப்படிக் கேக்கற ஆளே இல்லடா. ஒழுகுதுன்னு நான் கத்தினாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு.”

ஜெகாம் தலையைக் குனிந்துகொண்டார்.

“பரவால்ல” என்றாள் அவள். “இன்னொரு தரம் சொல்லு.”

ஜெகாம் இன்னொரு தரம் சொன்னார். இந்தத் தடவை அப்பா கூரையைப் பற்றிக் கேட்டுவிட்டு, பையன் நடக்க ஆரம்பித்துவிட்டானா என்றும் கேட்டார்.